பாடப்பிரிவு மாற்றம் தொடர்பாக

முதல் கிழமை
அவளைவிட எனக்குத்தான் பயம்.
மட்டக்குளியிலிருந்து வெள்ளவத்தைக்கு
நூற்றைம்பத்தைந்தில் ஒன்றேகால் மணித்தியாலம்.
என் மடியில் அவளுடைய பை,
பைக்குள் உயிரியல், மூன்று பாகம்,
அதற்கடியில் எங்கேயோ
நசுங்காமல் வரவேண்டிய சாப்பாட்டுப் பெட்டி.

வெட்டுக் கருவிப் பெட்டி மருதானையில் வாங்கியது,
பாவித்தது.
மூடியில் யாரோ ஒரு பிள்ளை
'எஸ். தனுராஜ், மருத்துவபீடம்' என்று
கவராயமுனையால் கீறியிருந்தது.
போனானோ, போகவில்லையோ.
பெட்டி விலைக்கு வந்திருப்பதைப் பார்த்தால்
இரண்டுமே இருக்கலாம்.

இவருக்குப் புறக்கோட்டையில் வயர்க் கடையில் வேலை.
நாள் முழுக்கச் சுருள் பிரித்து
அளந்து வெட்டுகிறவர்.
இரவுச் சாப்பாட்டில் திடீரென்று
"இழைமணி" என்பார்,
மகளின் புத்தகத்தில் பார்த்துப் பாடமாக்கிய சொல்.
கவிஷா சிரிப்பாள்.
இரண்டு கிழமை சிரித்தாள்.

பிறகு மேசை விளக்கு வாங்கினோம்.
வல்லாரை வாங்கினோம், பாதாம் வாங்கினோம்,
தொலைக்காட்சியின் வாயை மூடினோம்.
அவள் கேட்காததையெல்லாம் வாங்கினோம்.
ஞாயிறுகளில் ஸ்கார்பரோவிலிருந்து மச்சாள்,
"எங்கே எங்கட டொக்டரம்மா?"
டொக்டரம்மா குளியலறைக்குள் போய்விடுவாள்.
குழாய் ஓடும்.
வெளியே வரும்போது தலை காய்ந்திருக்கும்.

ஐந்தாம் சனிக்கிழமை.
மேல்மாடி மண்டபத்தில் முந்நூறு பிள்ளைகள்,
ஒலிவாங்கியில் சேரின் குரல்
படிக்கட்டுவரை இறங்கி வருகிறது.
படிக்கட்டில் நாங்கள், தாய்மார்,
இசட் புள்ளியை நாலாம் தசமம்வரை
மனப்பாடமாய் வைத்திருக்கிறவர்கள்.
இடைவேளைக்கு முன்பே இறங்கி வந்தாள்.
என்னைத் தாண்டி நடந்தாள்.
கடற்கரை வீதியைக் கடந்து
தண்டவாளத்துக்கு இப்பால் நின்றாள்.

"சேர் கதைக்கிறது கேக்குது அம்மா.
அது எனக்கில்ல.
பக்கத்தில இருக்கிற ஆருக்கோ."

பிறகு, கடலைப் பார்த்தபடி:
"புவியியல் படிக்கட்டா?"

கட்டிய காசு, கட்டவேண்டிய காசு,
தனுராஜின் பெட்டி, மச்சாள்,
எல்லாம் சேர்ந்து என் வாயில் ஒரு வசனமாய் வந்தது.
அந்த நேரம் பார்த்துப் பாணந்துறை ரயில்
அதை எடுத்துக்கொண்டு போனது.
நல்ல காலம்.
ரயில் போன பிறகு வந்தது இரண்டாவது வசனம்:
"பசிக்குதா?"

மீன் ரோல்ஸ் இரண்டு.
அவள் ஒன்றரை தின்றாள்.

இவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுகம்.
"அப்பாவுக்கு ஏன் முதல்லயே சொல்லேல்ல?" என்றார்.
"நீங்க இழைமணி சொன்னீங்களே அப்பா" என்றாள்.
சோற்றுக்குள் அவர் கை
அப்படியே நின்றது.

பதினொரு மணிக்கு அந்த மேசை விளக்கின் கீழ்
அவர் எழுதிக்கொண்டிருந்தார்.
'அதிபர் அவர்கட்கு,
பாடப்பிரிவு மாற்றம் தொடர்பாக.'
முதல் தாளில் 'மிகுந்த மனவருத்தத்துடன்'.
கிழித்தார்.
இரண்டாம் தாளில் 'மகளின் பிடிவாதத்தால்'.
அதையும் கிழித்தார்.
மூன்றாம் தாளில்
'எங்கள் மகள் விரும்புகிறாள்' மட்டும்.
கையெழுத்துக்குக் கீழே
எனக்கும் ஒரு கோடு போட்டுவைத்தார்.

செப்புக் கம்பியின் மயிரிழை ஒன்று
அவர் பெருவிரலுக்குள் ஏறியிருந்தது,
எத்தனை நாளாகவோ.
கவிஷா தனுராஜின் பெட்டியைத் திறந்தாள்,
சின்ன இடுக்கியை எடுத்தாள்.
"அசையாதீங்க."
அவர் அசையவில்லை.
பாவித்த பெட்டிக்கு அதுதான் முதல் வேலை,
எங்கள் வீட்டில்.

கலைப்பிரிவென்றால் பிறகு என்ன வேலை,
எனக்கும் தெரியாது.
இரவில் விழித்துக் கிடந்து
அதைத்தான் யோசிக்கிறேன்.
சுவரில் அவள் ஒட்டிய தீவின் படத்தில்
மகாவலிக்கு நீலம் பாதிவரைதான் தீட்டியிருக்கிறது.

ஞாயிறு, ஸ்கார்பரோ கூப்பிடுகிறது.
ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எழும்புகிறேன்.
"இருங்கோ அம்மா," என்கிறாள்,
"நான் எடுக்கிறன்."